ஓடாத வீட்டில் ஓடியவன்

எங்கள் வீட்டில் யாரும் ஓட மாட்டோம். பேருந்து கண்ணெதிரே கிளம்பினாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்று அடுத்ததில் போவோம். மழை வந்தால் நனைவோம். தாத்தா ரயிலைப் பிடிக்க ஓடி நடைமேடையில் விழுந்தவர், எழவே இல்லை. அப்பா காற்றில் பறந்த குடையைத் துரத்திக்கொண்டு ஓடினார். குடை மட்டும் வீட்டுக்கு வந்தது.

அப்போது நானும் அண்ணனும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதோடு அம்மா எங்கள் கால்களைக் கட்டிப்போட்டுவிட்டாள். விளையாட்டு வகுப்பில் அண்ணனும் தங்கையுமாக மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தோம். "அந்த நெஞ்சுதான் உங்களுக்கும் வந்திருக்கும்" என்பாள். வந்திருக்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. கேட்டால்தானே பதில் வரும், கேட்காமலே இருந்துவிடலாம் என்பது எங்கள் குடும்பத்துச் சாமர்த்தியம். கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட, இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு இன்னொரு உயிரை எதற்கு இழுத்துவிடுவது என்று ஆளுக்கொரு சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தோம்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக் ஆனான். வேலையிடத்தில் அவனுக்கு ஆமை என்று பெயர். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டி அலறும்போதும், இவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாப்பிட்ட சாப்பாடு செரிக்க உலாவுகிறவனைப் போல வந்து சேருவான். கேட்டால் "பதறாத காரியம் சிதறாது" என்பான். அது பொறுமை என்று ஊர் நினைத்தது. அது பயம் என்று எனக்குத் தெரியும்.

நாற்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள், பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர் ஆஸ்துமாக்காரர். மருந்து அவருடைய அலுவலக மேஜைமேல் இருந்தது. கதவு வழியாக அவருடைய இழுப்புச் சத்தம் கேட்டதும் அண்ணன் மொட்டைமாடி மெஷின் ரூமுக்குப் படிகளில் ஓடியிருக்கிறான். மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை மாடிக்கு நேராகக் கொண்டுவந்தான். அவர் பிழைத்துக்கொண்டார். அதன்பிறகு இவன் மெஷின் ரூம் வாசலில் உட்கார்ந்து, தான் சாவதற்காகக் காத்திருந்தானாம்.

"சாவு வரவே இல்ல" என்றான் என்னிடம். "உக்காந்து உக்காந்து கால்தான் மரத்துப்போச்சு."

விழுந்து விழுந்து சிரித்தேன். மறுவாரம் அவன் ஓடுவதற்கென்று ஒரு ஜோடி ஷூ வாங்கிவந்தபோது சிரிப்பு வரவில்லை.

"வேலியில போற ஓணானை எடுத்து ஏண்ணா மடியில விட்டுக்கிற?"

"இத்தனை வருஷமா பயந்தாச்சு. கொஞ்சம் பயப்படாம இருந்து பாக்கறேனே."

பயப்படாமல் எங்கே இருந்தான்? கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் நீளமான சாலையில் மாலை நேரங்களில் ஓடினான், ஒரு கையால் மறு கையின் நாடியைப் பிடித்துக்கொண்டே. துடிப்பு ஏறினால் பயம் வரும், பயம் வந்தால் துடிப்பு இன்னும் ஏறும். வெளிறிப்போய்த் திரும்பி வருவான். அம்மா கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம். சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்போம்.

அந்தச் சாலையில் பேக்கரிக்கார அம்மா ஒருவரும் ஓடுவார். நல்ல கனத்த உடம்பு. ஒருநாள் அவர் இவனை மடக்கிவிட்டார்.

"என்ன சார், ஓட வந்தீங்களா, நாடி பாக்க வந்தீங்களா?"

"இல்லம்மா, நெஞ்சு..."

"கையை விடுங்க. பேசிக்கிட்டே ஓடுங்க. பேச்சு வரலன்னா மெதுவாப் போங்க. யாரும் நம்மளத் துரத்தல."

மறுநாளிலிருந்து தனக்குத்தானே பேசிக்கொண்டு ஓடினான். எந்தக் கட்டடத்தில் கம்பிவடம் தேய்ந்திருக்கிறது, எந்தக் கதவு உரசுகிறது என்று ஊர் லிஃப்டுகளின் குறைகளையெல்லாம் அந்தச் சாலைக்குச் சொன்னான். நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம். அப்படியே போய்க்கொண்டிருந்தவன் ஒரு மாலை வாசலில் நின்று, சட்டை நனைந்து ஒட்டியிருக்க, குழந்தை மாதிரிச் சிரித்தான்.

"மறந்துட்டேன்!"

"எதை?"

"கையை. நெஞ்சை. எல்லாத்தையும். காத்து அடிச்சுது, ரோடு தானா பின்னாடி போச்சு. இவ்வளவு நாளா எங்கடி இருந்தேன் நான்?"

அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நாடியைப் பிடித்துக்கொண்டு ஓடியபோதாவது ஒரு காவல் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை எனக்கு. அந்த வாரம் இரண்டு லென்ஸை உடைத்தேன்.

கடைசியில் அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள். "டாக்டர் சொல்லட்டும், ஓடு. இல்லன்னா என் பிணத்தைத் தாண்டிப் போ." கேட்காமல் இருந்த கேள்வியை அப்படித்தான் கேட்க வேண்டியதாயிற்று. அண்ணன் போய் எல்லாச் சோதனையும் செய்துகொண்டான். இதயம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது, தாராளமாக ஓடலாம் என்றார் இதய டாக்டர். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று அம்மா அழுதாள். நாற்காலி சமையலறைக்குத் திரும்பிப் போனது.

ஆனால் டாக்டர் இன்னொன்றும் கேட்டிருந்தார். கூடப் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?

"எனக்கு எதுக்கு? நான் பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்லையே" என்று மழுப்பினேன். அண்ணன் விடவில்லை. அவன் நச்சரிப்பு தாங்காமல்தான் போனேன். படுக்க வைத்து, நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, எக்கோ கருவியை வைத்துத் திரையைப் பார்த்தார் டாக்டர். அதுவரை என் கடையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். கருவியை நகர்த்தினார். மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"இதயத்தோட சுவர் தடிச்சிருக்கும்மா. உங்க அப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்கணும்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க ஓடாம இருந்தது நல்லதாப் போச்சு."

அம்மாவின் சட்டம் ஒரு பிள்ளைக்கு வீண், ஒரு பிள்ளைக்கு உயிர். மாத்திரை தந்திருக்கிறார்கள். நெஞ்சுக்குள் ஒரு சிறு கருவி வைக்க வேண்டிவரலாம் என்கிறார்கள். அதுவரை மாடிப்படிகூட நிதானமாக ஏற வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. கண்ணை மூடினால் என் துடிப்பு எனக்கே கேட்கிறது.

அண்ணன் ஓட்டத்தை நிறுத்திவிட்டான். வேலை முடிந்து நேரே வந்து, என் எதிரில் உட்கார்ந்து, நான் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஷூவை எடுத்து அவன் மடியில் போட்டேன். "ஒருத்தராவது ஓடித் தொலைங்க இந்த வீட்ல!"

நேற்றுதான் போனான். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே திரும்பி வந்தான். முகம் சிவந்து, கண்ணெல்லாம் பளபளவென்று, அன்று 'மறந்துட்டேன்' என்று சிரித்தபோது இருந்த மாதிரியே இருந்தான். ஓடுவது எப்படி இருக்கும் என்று என் ஆயுளில் முதல் தடவையாக ஆசையாகக் கேட்டேன். "சொல்லேண்ணா. எப்படி இருந்துது?"

துண்டை எடுத்து அந்த முகத்தை அழுத்தித் துடைத்தான்.

"அதுல என்ன இருக்கு? கால் வலி, மூச்சிரைப்பு. ஒண்ணுமே இல்ல, விடு" என்றான்.