வாசலில் கழற்றிய சப்பாத்துகள்

பூதப் படம் கீறிப் பிழைக்கிறவனுக்கு எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பது லேசான காரியமில்லை. எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் என்ன தொழில் என்று கேட்டார்கள்.

வீட்டு மூலையில் கணினியோடு மல்லுக்கட்டி, முகம் தெரியாதவர்களுக்கு வேலை செய்யும் சக பாவப்பட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டில் ஒரு விளையாட்டு இருக்கிறது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துத் தாயக்கட்டை உருட்டுவார்கள். அதற்குத் தலையணைத் தடிப்பில் புத்தகங்கள் உண்டு. அந்தப் புத்தகங்களுக்குப் படம் கீறுவது, கல்முனையில் மாமி, அதாவது மனைவியின் தாய், வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு நான் செய்கிற வேலை.

மாமியின் சட்டம்

கல்யாணம் முடித்து வந்த புதிதில், மூன்று தலை நாய் ஒன்றை அச்செடுத்து முன் மண்டபத்தில் மாட்டினேன். எனக்கு அது பெருமையான படம். அசர் தொழுகைக்குப் பிறகு வந்த பக்கத்து வீட்டு ராத்தா, தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

மாமி என்னை ஏசவில்லை. கதிரை போட்டு ஏறி, படத்தைத் தானே கழற்றித் தூசு தட்டி, என் கையில் பக்குவமாகத் தந்தார். "இதெல்லாம் உங்கட அறைக்குள்ளயே இரிக்கட்டும் மகன். இது மலக்குமார் வந்து போற ஊடு." உருவப்படம் தொங்குகிற வீட்டுக்குள் மலக்குமார், அதாவது வானவர்கள், நுழையமாட்டார்கள் என்பது எங்கள் நம்பிக்கை.

இரும்புச் சட்டை

இந்தத் தொழிலில் இரண்டு பாணி உண்டு. ஒன்று புதுப் பாணி. எண்ணெய்ச் சாயம் பூசியதுபோல எல்லாம் பளபளக்கும். வாளில் சூரியன் தெரியும், பின்னால் எந்நேரமும் அந்திவானம் எரியும். மற்றது பழைய பாணி. வெறும் கறுப்பு மை. கோட்டுக்கு மேல் கோடு போட்டு இருட்டை உண்டாக்க வேண்டும். பார்க்கிறவர் புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தால்தான் இருட்டுக்குள் இருப்பது தெரியும். எனக்கு உயிர் இரண்டாவதில். சோறு போட்டது முதலாவது.

பளபளப்புப் பாணியில் பெண் வீரர்களுக்குக் கைக்குட்டை அளவில்தான் இரும்புச் சட்டை போடுவார்கள். எனக்குக் கை வராது. கழுத்து முதல் கால் வரை மூடிக் கீறி அனுப்புவேன். திருத்தச் சொல்லிச் சொல்லிக் களைத்த ஒரு வாடிக்கையாளர் கடைசியில் எழுதினார்: "உங்கள் பெண்கள் மட்டும்தான் சண்டை முடிந்து உயிரோடு வீட்டுக்குப் போவார்கள் போலிருக்கிறது. அப்படியே இருக்கட்டும்."

நெல் தின்னும் டிராகன்

இப்படி இருக்கையில்தான் மார்த்தா வந்தார். சின்னதொரு பதிப்பகத்தின் ஓவியப் பொறுப்பாளர். முழுப் புத்தகமும் கறுப்பு மையில் வேண்டும் என்றார். முதலில் ஒரே கதைக்குச் சில மாதிரிப் படங்கள். பிடித்தால் புத்தகம் எனக்கு, பிடிக்காவிட்டால் வேறொருவருக்கு. அந்தப் புத்தகத்தை நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்றால், தொழுகையில்கூட அதன் நினைப்பு வந்தது.

முதல் படம், அறுவடைக் காலத்தில் கிராமத்துக்குள் டிராகன் புகுவது. இறக்காமத்தில் மாமியின் தம்பிக்கு வயல் இருக்கிறது. அங்கே யானை வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே என் டிராகன் நெருப்பு கக்கவில்லை. வயலுக்குள் நின்று சாவகாசமாகக் கதிர் தின்றது. ஊர் மக்கள் பயந்து ஓடவில்லை. தூக்கம் கெட்ட கோபத்தோடு பந்தம் பிடித்து நின்றார்கள். மாமியின் தம்பியிடம் படத்தைக் காட்டினேன். அவர் டிராகனின் செட்டையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கவலையோடு சொன்னார்: "பறந்து வாறதுக்குக் கரண்டு வேலி போட்டு என்னத்துக்கு? நஷ்டஈட்டுக்கு ஆருக்கிட்டப் போற?"

ஒரு பிழையும் இல்லை

மீதிப் படங்களில் கதை நகர்ந்தது. ஐந்து வீரர்கள் சத்திரத்தில் சாப்பிடுகிறார்கள். மந்திரவாதியின் வீட்டுக்குப் போய் யோசனை கேட்கிறார்கள். டிராகன் குடியிருக்கும் குகைக்குள் நுழைகிறார்கள். கடைசிப் படத்தில் நாலு பேர் வெளியே வருகிறார்கள். ஒருவன் இறந்துவிட்டான் என்பது தெரிய வேண்டும், ஆனால் பிணத்தைக் காட்டக் கூடாது என்பது மார்த்தாவின் நிபந்தனை.

அனுப்புமுன் ஃபாயிஸிடம் காட்டினேன். என் பளபளப்புப் படங்களுக்கு நிறம் தீட்டுகிற கூட்டாளி. பிழை பிடிப்பதில் மன்னன். வாள் நீளம், நிழல் விழும் பக்கம், குதிரையின் முழங்கால் எல்லாம் பார்த்தான். கறுப்பு வெள்ளைப் புத்தகம் கிடைத்தால் அவனுக்கு வேலை இல்லை, ஆனாலும் வஞ்சகமில்லாமல் பார்த்தான். பிறகு சொன்னான்: "ஒரு பிழையும் இல்ல மச்சான். கொஞ்சம் கலர் போட்டா என்ன கொறஞ்சா போயிருவாய்?"

மார்த்தாவின் கேள்வி

மறுநாள் காலை மார்த்தா திரையில் வந்தார். படங்கள் அழகு என்றார். ஆனால் ஒன்று விளங்கவில்லையாம். சத்திர வாசலில் சப்பாத்துகள் சோடி சோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. மந்திரவாதியின் படியிலும் அப்படியே. போகட்டும், டிராகனைக் கொல்லப் போகிறவர்கள் குகை வாசலில் எதற்காகச் சப்பாத்தைக் கழற்றினார்கள்?

அப்போதுதான் நானே படத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே அத்தனை பேரும் வெறுங்காலோடு சண்டைக்குப் போயிருந்தார்கள். அவசரமாக மன்னிப்புக் கேட்டேன். திருத்தித் தருகிறேன் என்றேன். கலந்து பேசிவிட்டுச் சொல்வதாக மார்த்தா போய்விட்டார். புத்தகம் கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன். மனைவி ஃபர்ஹானாவிடம் சொல்லி வருந்தினால், அவளுக்கு என் வருத்தமே விளங்கவில்லை. "குகையெண்டாலும் ஆர்ரயோ ஊடுதானே. சப்பாத்தோட எப்பிடிப் போற?"

மிச்சமான சோடி

திருத்த உட்கார்ந்தேன். சத்திரத்தில் அழித்தேன். மந்திரவாதி வீட்டில் அழித்தேன். கடைசிப் படத்துக்கு வந்தபோது கை ஓடவில்லை. வெளியே வந்த நாலு பேரும் குனிந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்க, குகை வாசலில் ஒரு சோடி மட்டும் அப்படியே இருந்தது. திட்டம் போட்டுக் கீறியதல்ல. வராதவனின் சப்பாத்தை யார் எடுப்பார்?

அதற்குள் மார்த்தாவின் மடல் வந்துவிட்டது. மூன்று தரம் வாசித்துவிட்டு ஃபர்ஹானாவைக் கூப்பிட்டு அழுதேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: "நாலு பேர் வருகிறார்கள், ஐந்தாவது சோடி காத்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அந்தப் படத்தைச் சுற்றிக் கூடிவிட்டோம். புத்தகம் உங்களுடையது. ஒரு சப்பாத்தையும் அழிக்க வேண்டாம்."

கண்ணாடி அலுமாரி

அட்டைக்கு மட்டும் நிறம் வேண்டும் என்றார்கள். அதை ஃபாயிஸ் தீட்டினான், அந்திவானத்தோடு. புத்தகம் தபாலில் வந்த அன்று மாமி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவருக்கு இங்கிலீசு தெரியாது, கதையும் நான் சொன்னதில்லை. குகைப் படத்தில் நிறுத்தி, வெகுநேரம் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "இந்தச் சப்பாத்துக்காரன் மௌத்தாப் போயிட்டானா, மகன்?"

ஓம், இறந்துவிட்டான் என்றேன். அவர் புத்தகத்தை மூடி, முன் மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியில் வைத்தார், மலக்குமாருக்காக அட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பி.

மூன்று தலை நாயையும் நெல் தின்னும் டிராகனையும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்ய முடிகிறது, சப்பாத்தோடு வீட்டுக்குள் போகிற மனிதனைத்தான் இன்னும் முடியவில்லை.