செத்தவீட்டில் மட்டும் நின்றுபோகும் கணினி

கோபிசங்கருடைய கணினி கலியாணவீட்டில் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. தவில் காதைப் பிளக்கும், ஜெனரேட்டர் இருமும், பிள்ளைகள் வயரில் தடக்கி விழுவார்கள். அது தன்பாட்டுக்கு ஓடும். செத்தவீட்டுக்குக் கொண்டுபோனால்தான் அதற்கு வருத்தம் வரும். அதுவும் வாய்க்கரிசி போடப்போகிற நேரம் பார்த்துத் திரை கறுத்துவிடும். திரும்ப அது எழும்பி வருவதற்குள் பெட்டியை மூடி, பிரேதம் வாசல் படலையைத் தாண்டியிருக்கும்.

கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றையும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரடியாகக் காட்டுவது நெல்லியடிக் கோபிசங்கரின் தொழில். புதுக் கணினி வாங்குகிற வசதி அவனுக்கு இல்லை, பழைய சாமான்களைச் சேர்த்துத் தானே பூட்டினான். வெளிப்பெட்டி, இழுத்து மூடப்பட்ட ஒரு ரியூசன் கொட்டிலில் கிடந்தது. உள்ளே இருந்த போர்ட் யாரோ கழித்துவிட்டது. அதில் ரேம் செருகுகிற இடத்தில் பிடித்துக்கொள்ளும் கொளுக்கி ஒரு பக்கம் உடைந்திருந்தது. மற்றப் பக்கம் பிடிக்கும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடியைப் போட்டுவிட்டான்.

பழுதைத் தேடாமல் விட்டான் என்று சொல்ல முடியாது. கரண்டில்தான் பிழை என்று யூபிஎஸ் வாங்கினான். சூடுதான் காரணம் என்று விசிறியைக் கழற்றித் தூசி தட்டி, புதிதாகப் பேஸ்ட் பூசினான். பவர் சப்ளையை இரவல் வாங்கி மாற்றிப் பார்த்தான். வீட்டு மேசையில் வைத்து ஒரு முழுப் பகல் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்த இனம்.

மனைவி அருந்ததி நோயை எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். "உதுக்குச் செத்தவீட்டுத் துடக்குப் பிடிக்குது" என்றாள். செத்தவீட்டால் வந்தால் மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் கணினியை வாசலுக்கு இங்கால் விடமாட்டாள்.

"இஞ்சை, அதுக்குத் தண்ணி தெளிக்காதையும். பழுதாப்போம்."

"தெளிக்காமலே பழுதாத்தானே நிக்குது."

அவன் துவாயை எடுத்துக் கணினியைத் துடைத்தான்.

இப்படியிருக்கத் தொண்டைமானாற்றில் பராசக்தி என்கிற மனுசி காலமானார். மகள் சிவகௌரி நேரே கோபிசங்கரின் வீட்டுக்கு வந்துவிட்டாள். அழுது முடித்த முகம்.

"தம்பி, அண்ணை கனடாவிலை. பேப்பர் சரிவரேல்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போகேலாது. ஆம்பிளையள் சுடலையிலைதான் வாய்க்கரிசி போடுறது. அங்கை சிக்னல் இல்லை. அதாலை வீட்டிலை பொம்பிளையள் போடேக்கையே அவர் அம்மாவின்ரை முகத்தைப் பாத்திடோணும். உங்கடை மெசின் இடையிலை நிக்கிறதெண்டு சனம் கதைக்குது."

"நிக்காது அக்கா" என்று வாய் சொல்லிவிட்டது. பதினெட்டு வருசமாகத் தாயைக் காணாத மனுசனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.

மற்ற நாட்களில் அவன் கமராவும் கையுமாக ஓடித் திரிவான். அன்றைக்குக் கமராவை ஸ்ரான்டில் பூட்டி, பராசக்தியின் முகத்துக்கு நேரே நிறுத்திவிட்டு, கணினிக்குப் பக்கத்தில் காவல் இருந்தான். திரையின் மூலையில் அண்ணன் ஜெயதீபன் தெரிந்தான். எங்கேயோ ஒரு குசினி, தலைக்குமேல் சமையல் சாமான் தட்டு. போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டு அதற்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிரேதத்துக்குச் சாத்துகிற வாசனைப் பொடியான சுண்ணம் இடிக்க உரல் வந்தது. வழக்கம்போலக் கோபிசங்கரின் மேசையோடு அணைத்து வைத்தார்கள். அங்கேதான் வெளிச்சம் நல்லது என்று ஒவ்வொரு செத்தவீட்டிலும் அப்படி வைப்பித்தவனே அவன்தான். குருக்கள் பாடிக்கொண்டு உலக்கையைப் போட்டார். மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை துள்ளியது. அடுத்த குத்து. அதற்கடுத்த குத்தில் திரை கறுத்தது.

கோபிசங்கர் உலக்கையைப் பார்த்தான். கணினியைப் பார்த்தான். கலியாணவீட்டில் ஒருவரும் மேசைக்குப் பக்கத்தில் சுண்ணம் இடிப்பதில்லை. தன் மண்டையைக் கொண்டுபோய் அந்த உரலுக்குள் வைத்தால் என்ன என்றிருந்தது அவனுக்கு.

"ஐயா, கொஞ்சம் பொறுப்பியளோ?"

"துவங்கினதை இடையிலை நிப்பாட்டேலாது தம்பி" என்றார் குருக்கள். "ராகுகாலத்துக்கு முன்னம் எடுக்கவும் வேணும்."

கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைப் பிடித்து இழுத்தான். ரேம் ஒரு பக்கம் கிளம்பி, ஆடின பல்லுப்போல நின்றது. கழற்றி, உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, திரும்பச் செருகி, பெருவிரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு பட்டனைத் தட்டினான். விரலை எடுக்கவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் விரல் துடித்தது.

இடித்து முடிந்தது. பெண்கள் வரிசையில் வந்து அரிசி போட்டார்கள். கணினி மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி ஆறுதலாக, அவசரமில்லாமல் எழும்பிக்கொண்டிருந்தது. கடைசியாகச் சிவகௌரி வந்தாள். அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"பிள்ளை, நேரம் போகுது" என்றார் பின்னால் ஒரு பெரியவர்.

"போகட்டும் மாமா. அண்ணை இன்னும் பாக்கேல்லை."

"ராகுகாலம் பிறந்திடும்."

"பிறக்கட்டும்."

கோபிசங்கர் திரையையே பார்த்தபடி இருந்தான். முதலில் தாயின் முகம் வந்தது. கொஞ்சம் பொறுத்து மூலையில் மகனின் முகம் வந்தது. "அம்மா" என்றது அது.

சிவகௌரி தன் அரிசியைப் போட்டாள். அந்த நேரம் மூலையில் ஒரு பொத்திய கை எழும்பி வந்தது தெரிந்தது. உடனே ஜெயதீபனின் படம் மறைந்துபோனது.

"நாசமாப்போச்சு" என்று முணுமுணுத்தான் கோபிசங்கர். விரல் வலிக்க வலிக்க ரேமை இன்னும் அமத்தினான். கண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. நிமிர்ந்து அவளுடைய முகத்தைப் பார்க்கப் பயந்தான்.

சிவகௌரி கிட்ட வந்து அவனுடைய தோளைத் தொட்டாள்.

"கையை எடுங்கோ தம்பி. மெசின் நிக்கேல்லை. அண்ணை போனுக்கு மேலை அரிசி போட்டிருக்கிறார்."