கூட இருந்தவர் பெயர்

பெர்னடீன் வாஸ்கோ அழுது யாரும் பார்த்ததில்லை. நாண்டிகோக் ஊர் முதியோர் இல்லத்துச் சமையலறையில் பத்தொன்பது வருஷமாக மதியச் சாப்பாடு அவள் பொறுப்பு. கொதிக்கிற சூப் கையில் கொட்டினால்கூட "சனியனே" என்று சூப்பைத்தான் திட்டுவாளே தவிர, கண் கலங்கமாட்டாள். நவம்பரில் புருஷன் லென்னைப் புதைத்த அன்றும் அப்படித்தான். இடுகாட்டிலிருந்து நேரே தேவாலயக் கூடத்துக்கு வந்தவள், கையுறையைக் கழற்றிவிட்டு, வந்தவர்களுக்கு முட்டைக்கோஸ் நூடுல்ஸை அவளே பரிமாறினாள். கல்நெஞ்சக்காரி என்று ரெண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா?

ஜனவரிக் கடைசியில் லென் பெயருக்கு ஒரு கனத்த உறை வந்தது. பிரித்தால் இருபத்தாறு தாள். ஒவ்வொரு தாளிலும் லென் ஜெயித்த ஒரு தொகை. ஒன்றில் ஆயிரத்து நானூறு டாலர், ஒன்றில் மூவாயிரத்து நூறு. வருமான வரிக் கணக்குக்காக அனுப்பியது, போனில் சூதாட்டம் நடத்துகிற ஏதோ ஒரு கம்பெனி. கூட்டிப் பார்த்தாள். அறுபத்தோராயிரம்!

அறுபத்தோராயிரம் வந்திருந்தால் வீட்டுக் கூரை ஏன் இன்னும் ஒழுகுகிறது? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூரை மாற்றுவதற்காக வங்கியில் சேர்த்து வைத்திருந்த ஒன்பதாயிரத்து நானூறு, சாவுக்குப் பிறகு பார்த்தால் காணோம். ஆஸ்பத்திரிதான் தின்றுவிட்டது என்று நினைத்திருந்தாள். ஆஸ்பத்திரி இல்லை. ஜெயித்ததை எல்லாம் அங்கேயே திரும்ப வைத்து ஆடி, அதுவும் போய், கூரைப் பணமும் போயிருக்கிறது. முப்பத்தாறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லென்னின் தங்கை கிளாடெட் வந்து தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணி, தோத்தவன் எதுக்கு வரி கட்டணும்? ஜெயிச்சது அறுபத்தொண்ணு, விட்டது எழுபது. கையில மிஞ்சினது நாமம்தானே! தூக்கிக் குப்பையில போட்டுட்டு, வெள்ளிக்கிழமை தேவாலயத்து மீன் பொரியல் விருந்துக்குக் கிளம்புங்க."

அந்த ஊரில் போனில் ஆடுகிற அத்தனை பேரின் கணக்கும் இதுதான். கடைசியில் கை காலி என்றால் எழுத ஒன்றுமில்லை. பெர்னடீனும் குப்பைத் தொட்டி மூடியைத் திறந்துவிட்டாள். என்னவோ தோன்ற, மூடிவிட்டு, சனிக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்துக்கு உறையோடு போனாள். அங்கே வரிக் காலத்தில் ஊர்க்காரர்களுக்கு இலவசமாகப் படிவம் எழுதித் தருபவர் மார்வின் ட்ரெதவே. முப்பது வருஷம் தபால்காரராக இருந்தவர், வெள்ளெழுத்துக் கண்ணாடி, மகா பொறுமைசாலி.

"நல்ல வேளை, குப்பையில போடல," என்றார். "இந்தத் தாள் ஒவ்வொண்ணோட நகலும் அரசாங்கத்துக்குப் போயிருக்கும்மா. ஜெயிச்சது தானா போய்ச் சேர்ந்துடும். தோத்ததை நாமதான் நிரூபிக்கணும். அது தனி இடம், தனித் தாள்."

"நிரூபிக்கலைன்னா?"

"எட்டாயிரத்துக்கு மேல வரும்."

"நிரூபிச்சா?"

"நாலாயிரத்துச் சொச்சம். தோத்ததைக் கழிச்சா, எல்லாருக்கும் கிடைக்கிற பொதுக் கழிவு போயிடும்; மாநில வரியில தோத்ததைக் கழிக்கவே விடமாட்டாங்க."

"மொத்தமும் தோத்துட்டுச் செத்தவனுக்கு நாலாயிரமா? நல்லா இருக்கய்யா உங்க நியாயம்!"

"என் நியாயம் இல்லம்மா அது," என்றார் மார்வின் பாவமாக.

லென்னின் பழைய டிரக்கை விற்றால் நாலாயிரத்து ஐந்நூறு தேறும். எட்டாயிரம் என்றால் வீட்டின் மேல் கடன் வாங்க வேண்டும். வேறு வழியே இல்லை, தோற்ற கணக்கை எழுதியே ஆகவேண்டும். மார்வின் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். தேதி, ஆட்டம், ஆடிய இடம், கூட இருந்தவர் பெயர், ஜெயித்தது, தோற்றது.

"கூட இருந்தவர் பெயரா? போன்ல ஆடுறவன் கூட எவன் இருப்பான்?"

"குதிரைப் பந்தயக் காலத்து வழக்கம். இருக்கிறதை எழுதுங்க, போதும். அப்புறம் ஒண்ணு, இது அவர் இறந்த வருஷத்துக் கணக்கு, அதனால இந்த ஒரு தடவை நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து தாக்கல் பண்ணலாம். அடுத்த வருஷத்திலேர்ந்து நீங்க தனி ஆள்."

"அந்தாள் பேரே வேணாம்னு இருக்கேன் நான்," என்றாள் பெர்னடீன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சமையலறை மேஜையில் லென்னின் போனைத் திறந்தாள். திறக்கும் எண் அவன் வேலை பார்த்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் அடையாள அட்டை எண், 3117. எல்லாவற்றுக்கும் அதையேதான் வைப்பான். ஆட்டம் திறந்ததும் மணி அடித்தது, செர்ரிப் பழங்கள் குதித்தன, "நல்வரவு லென்" என்றது. "நாசமாப் போ," என்று சொல்லிவிட்டு, பழைய ஆட்டங்களின் பட்டியலைத் தேடிப் பிடித்தாள்.

முதல் ஆட்டம் போன வருஷம் ஜனவரி பதினாறு. அடுத்தது ஜனவரி முப்பது. அடுத்தது பிப்ரவரி பதின்மூன்று. அவள் எழுந்து போய், ஃபிரிட்ஜ் பக்கத்தில் இன்னும் மாட்டியிருந்த போன வருஷத்து மருந்துக் கடைக் காலண்டரை எடுத்து வந்தாள். ரெண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, சிவப்பு மையில் பெருக்கல் குறி. லென்னுக்குப் புற்றுநோய்க்காகக் கீமோ மருந்து ஏற்றும் நாள்.

எல்லா ஆட்டமும் அந்த நாட்களில்தான். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு அவள் வேலைக்குப் போவாள், ஒரு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவாள். ஆட்டம் ஒன்பது இருபதுக்குத் தொடங்கியிருக்கிறது. முடிந்தது பன்னிரண்டு நாற்பத்தைந்து, பன்னிரண்டு ஐம்பது. அவள் வருவதற்குள் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சமத்தாக உட்கார்ந்திருப்பான்.

"மருந்து ஏறும்போதுகூடவாடா பாவி," என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிக்கொண்டே எழுதினாள். தேதி. ஆட்டம். இடம், ஆஸ்பத்திரி நாற்காலி. கூட இருந்தவர் பெயர், யாருமில்லை.

அடுத்த வரி. யாருமில்லை. அதற்கடுத்தது. யாருமில்லை.

"நீ கிளம்பு பெர்னி, இங்க எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கு" என்பான் ஒவ்வொரு தடவையும். அவளும் நம்பிக் கிளம்பிவிடுவாள். மருத்துவக் காப்பீடு அவள் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, நினைத்தபோது லீவு போட முடியாது. அங்கே என்ன துணை? நாற்காலிக்கு நாற்காலி திரை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து பாட்டிலைப் பார்த்துவிட்டுப் போவாள். பதினான்காவது வரியில் அவள் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நாலு மணி நேரம் தன்னந்தனியாக, ஊசி குத்தாத கையால் அந்தச் செர்ரிப் பழத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

எழுதி முடித்து எண்ணினாள். இருபத்தொன்று. காலண்டரில் பெருக்கல் குறி இருபத்திரண்டு. ஒரு நாள் உதைக்கிறதே என்று விரலை வைத்துச் சரிபார்த்தாள். ஏப்ரல் ஒன்பது. அன்று மட்டும் அவன் ஆடவில்லை.

ஏப்ரல் ஒன்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று லென்னை இறக்கிவிட்ட பிறகு டிரக் கிளம்பவே இல்லை. இழுத்துப் போகிற வண்டி மத்தியானம்தான் வரும் என்றார்கள். வேறு வழியில்லாமல் உள்ளே வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு மணி நேரச் சம்பளம் போச்சே என்று புலம்பித் தீர்த்தாள். நர்ஸ் கொடுத்த உப்பு பிஸ்கட்டைப் பணயமாக வைத்து, நாற்காலித் தட்டில் ரம்மி ஆடினார்கள். லென் வரிசையாகத் தோற்றான். தோற்கத் தோற்கச் சிரித்தான். "தினமும் இந்த டிரக் இப்படியே படுத்துக்கட்டும்," என்றான். "வாயைக் கழுவுய்யா," என்றாள் அவள்.

அடுத்த சனிக்கிழமை மார்வின் தாளை வாங்கி, விரலால் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இது என்னம்மா? ஏப்ரல் ஒன்பது. ரம்மி. கூட இருந்தவர் பெயர், பெர்னடீன். தோற்றது, உப்பு பிஸ்கட் முப்பத்தாறா?"

"ஆமா."

"இது கணக்குல வராதே. அடிச்சிடவா?"

"இந்தத் தாளை அவங்களுக்கு அனுப்பணுமா?"

"இல்ல. உங்க வீட்டுலதான் இருக்கும். கேட்டா மட்டும் காட்டணும்."

"அப்ப இருக்கட்டும். கேட்டாக் காட்டுறேன்."

மார்வின் பேனாவை மூடிவிட்டார். வரி நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம் வந்தது. திங்கட்கிழமை டிரக்கை வாங்க ஆள் வருகிறான் என்று அவள் சொன்னாள். பிறகு அவர் படிவத்தைத் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.

"முதல் கோட்டுல உங்க கையெழுத்து. லென் போட வேண்டிய இடத்துல, 'உயிரோடிருக்கும் துணைவர் தாக்கல் செய்கிறார்'னு நீங்களே எழுதணும்."

அவள் முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது கோட்டில் பாதி எழுதினாள், பேனா நின்றுவிட்டது. தோள் குலுங்கியது. உறைகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பெர்னடீன் வாஸ்கோ கூடத்து நடுவில் வாய்விட்டு அழுதாள்.

"அன்னைக்கு பூரா சம்பளம் போச்சு, சம்பளம் போச்சுன்னே மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தேன் மார்வின்," என்றாள். "இருபத்தொரு தடவை வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போயிட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'இன்னைக்குக் கூட இரு பெர்னி'ன்னு வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே அந்தப் பாவி."