பத்தாவது ஆள்

பத்துப் பேர் எண்ணிக்கையில் என்னைப் பத்தாவதாக எண்ணிவிட்டால் நான் யூதனாகிவிடுவேன், கையோடு சுன்னத்தும் செய்துவிடுவார்கள் என்று ஒன்பது வயதில் முழுமனதாக நம்பினேன். நேற்று ரங்கூன் ஆற்றைக் கடக்கும் டாலா படகில் ஒருவர் தம் கூட்டத்தை எண்ணிக்கொண்டே வந்து, தவறுதலாக என்மேல் விரலை நீட்டி "பத்து" என்றார். இந்த வயதிலும் என் கை கைலி முடிச்சை இறுக்கிப் பிடித்தது!

ரங்கூனில் எங்கள் தெருவில் யூதர்களின் ஜெபாலயம் இருந்தது. சனிக்கிழமைகளில் அவர்கள் சுவிட்சைத் தொடக் கூடாது என்பதால் மின்விசிறி போட என்னைக் கூப்பிடுவார்கள். தேக்கு பெஞ்சுகளின் மெழுகு வாசனைக்காகவே ஓடுவேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை, அங்கே வழக்கமாக வரும் மோசே மாமா, இறந்துபோன தம் அப்பாவுக்காக வேண்டுதல் சொல்ல வேண்டும். பத்து யூத ஆண்கள் இல்லாமல் அதைச் சொல்லக் கூடாதாம். வெளிநாட்டுப் பயணிகளைச் சேர்த்தும் ஒன்பது பேர்தான். அவருடைய தம்பி ஐசக் மாமாவோ கடவுளே இல்லை என்பவர். ஜெபாலயப் படியேறி வருடக்கணக்காகிவிட்டது.

விசிறியைப் போட்டுவிட்டு வாசலருகே நின்றேன். மோசே மாமா கண் கலங்க என் பக்கம் பார்த்தார். "வந்துட்டியாடா!"

"மாமா, நான் இந்து! எங்கம்மாவக் கேக்கணும்!" என்று அலறினேன்.

"உன்ன யார்டா கூப்பிட்டா?" என்று எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. ஐசக் மாமா நின்றிருந்தார். "அண்ணே, நான் இன்னும் நம்பல. ஆனா அவர் எனக்கும் அப்பாதானே. எண்ணிக்க."

"தலையத்தான் எண்ணுவோம், உள்ள இருக்கறத இல்ல. தொப்பியப் போட்டு நில்லு" என்றார் மோசே மாமா.

அண்ணன் வேண்டுதலைச் சொன்னார். தம்பி மற்றவர்களோடு சேர்ந்து ஆமென் சொன்னார்.