சப்பாத்துக்குள் கிடந்த திறப்பு

ஆண்டவருக்குள் என் சொந்தமாகிவிட்ட சகோதர சகோதரிகளே,

என் கணவருக்குக் கால் எரியத் தொடங்கியது நாங்கள் ஜேர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில். 1985ஆம் ஆண்டு முடிகிற நேரம். கெல்சென்கிர்ச்சனில் ஒரு பழைய கட்டடத்தை அகதிகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஹைம் என்று சொல்வோம். அதன் இரண்டாம் மாடியில் எங்களுக்கு ஓர் அறை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இவர் போர்வையை உதறிவிட்டு இரண்டு கால்களையும் வெளியே நீட்டிக்கொண்டு கிடப்பார்.

"நெருப்பிலை வைச்ச மாதிரிக் கிடக்குதப்பா. என்னாலை ஏலாது" என்று முனகுவார்.

தொட்டுப் பார்த்தால் பாதம் குளிர்ந்து போய் இருக்கும். எரிகிறது என்கிறார், கை வைத்தால் குளிர்கிறது. இது என்ன வருத்தம், என்ன நோய் என்று எனக்கு விளங்கவே இல்லை. பக்கத்தில் இருந்து காலைத் தடவிக் கொடுப்பேன். வேறு என்ன செய்ய?

இவருடைய பெயர் செல்வராசா. ஊரில் லொறி ஓட்டியவர். யாழ்ப்பாணத்து வெங்காயத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோய் இறக்குவார். 83 ஆடிக் கலவரத்தில் அந்த லொறியை எரித்துவிட்டார்கள். இவர் உடுத்த துணியோடு தப்பி வந்து சேர்ந்தார். நீரிழிவும் பிரஷரும் அப்போதே இருந்தன. ஒழுங்காகக் குளிசை போட்டுக்கொண்டிருந்தவர்தான். கிழக்கு பெர்லின் வழியாக இந்த நாட்டுக்குள் வந்து சேர்வதற்குள் கொண்டுவந்த குளிசைகள் முடிந்துபோயின.

இங்கே டொக்டரிடம் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று இன்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அன்று ஹைமில் ஒரு கதை உலாவியது. வருத்தக்காரர் என்று பதிந்தால் அகதி வழக்கைத் தள்ளிவிடுவார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. யார் சொன்னது, எங்கே நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் நம்பினோம். பக்கத்து அறையில் இருமுகிறவர்கூட ஆள் வந்தால் இருமலை அடக்கிக்கொள்வார். இவரும் அகதி விசாரணையில், "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எப்படி டொக்டரிடம் போவது?

இன்னொன்றும் நடந்தது. என்னோடு கடைத்தெருவுக்கு வந்தால் கொஞ்சம் நடப்பார், ஒரு கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பார். மறுபடி கொஞ்சம் நடப்பார், மறுபடி நிற்பார். ஒருநாள் பெண்களின் உள்ளாடை விற்கிற கடைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இதுக்குள்ளை உங்களுக்கு என்ன அலுவல்?" என்றேன்.

"விலை பாக்கிறன்" என்றார்.

நான் தெருவில் நின்று சிரித்தேன். கெண்டைக்கால் இறுகி, ஓர் அடிகூட வைக்க முடியாமல் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியக்கூடாது என்றுதான் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றிருக்கிறார்.

அன்பானவர்களே, நம்முடைய ஞாயிறு பின்னேர ஜெபக்கூட்டம்தான் அந்த நாட்களில் எனக்கு ஒரே ஆறுதல். ஒரு ஜேர்மன் தேவாலயத்தார் தங்கள் கீழ்மண்டபத்தை நமக்குத் தந்திருந்தார்கள். ஒவ்வொரு கிழமையும் நான் முழங்காலில் நின்று ஒரே ஒரு காரியத்தைக் கேட்டேன். "ஆண்டவரே, இவருடைய கால் நோவை எடுத்துப்போடும்." நீங்களும் என்னோடு சேர்ந்து கேட்டீர்கள். உபவாசம் இருந்தவர்களும் உண்டு.

அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் நோ குறையத் தொடங்கியது. கார்த்திகை மாதம் அறவே இல்லாமல் போய்விட்டது. இவர் குழந்தை மாதிரித் தூங்கினார். நான் விழித்திருந்து பார்த்து அழுதேன், அவ்வளவு சந்தோஷம். இயேசு பிறந்த நத்தாருக்கு முந்திய ஒரு ஞாயிறு இவர் கூட்டத்தில் எழுந்து நின்று, கர்த்தர் தன் கால் நோவை முற்றாக எடுத்துவிட்டார் என்று சாட்சி சொன்னார். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

உண்மையில் நடந்தது என்னவென்று அன்று மாலையே தெரிந்தது.

ஜேர்மன்காரர் தேவாலயத்துக்குள் சப்பாத்தோடு போவார்கள். நமக்கு அது வராது. மண்டபமே ஆனாலும் ஜெபிக்கிற இடம் என்றால் கதவடியில் கழற்றிவிட்டுத்தான் போவோம். அந்தக் குளிர்காலத்தில் தேவாலயத்தார் ஒரு பெட்டி நிறையச் சப்பாத்துகள் தந்திருந்தார்கள். எல்லாம் ஒரே மண்ணிறம், ஒரே மாதிரி. இவருக்கும் அன்ரனுக்கும் அளவும் ஒன்று. அன்ரனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நமக்கு முதலே வந்து, ஒரு ரெஸ்ரோறண்ட் குசினியில் சமையல் வேலை செய்து, பாஷை பழகி, தனியாக ஒரு வீட்டில் இருந்தவர். பருத்தித்துறைக்காரர். ஊரில் கடலில் குளிக்க இறங்கும்போது வீட்டைப் பூட்டிய திறப்பைக் கழற்றிய சப்பாத்துக்குள் போட்டுவிட்டு இறங்குகிற பழக்கம். இங்கேயும் அதை விடவில்லை. முழங்காலில் நிற்கும்போது காற்சட்டைப் பையில் திறப்புக் குத்துகிறது என்று, அதைச் சப்பாத்துக்குள் போட்டுவிட்டு ஜெபிக்க வருவார்.

கூட்டம் முடிந்து நாங்கள் நடந்தே ஹைமுக்கு வந்தோம். நல்ல தூரம். இவர் ஒரு கடைக் கண்ணாடியடியிலும் நிற்கவில்லை. பாட்டுக்கூடப் பாடினார். அறைக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றிக் கதவோரம் வைத்தார். நான் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தேன். கதவில் தட்டும் சத்தம் கேட்டது. அன்ரன்தான்.

"அண்ணை, சப்பாத்து மாறிப் போச்சு. என்ர வீட்டுத் திறப்பு உங்கட கால்லை கிடக்குது."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எட தம்பி, உள்ளுக்குத் திறப்புக் கிடந்தா அங்கையிருந்து இஞ்சை மட்டும் நடந்து வந்திருப்பனே? எனக்குத் தெரியாதே? மண்டபத்திலை போய்த் தேடு."

"ஒருக்காப் பாக்கிறன் அண்ணை" என்று அன்ரன் இடது சப்பாத்தை எடுத்துக் கவிழ்த்தார்.

திறப்பு நிலத்தில் விழுந்தது. ஈரமாக இருந்தது. இவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போதுதான் நான் நிலத்தைப் பார்த்தேன். கதவிலிருந்து கட்டில்வரை இவர் காலடி பட்ட இடமெல்லாம் ஈரம். பனி உருகிய தண்ணீர் என்று நினைத்திருந்தேன். கடும்நீலக் காலுறை, அறையில் மங்கல் வெளிச்சம் என்பதால் இரத்தத்தின் நிறம் தெரியவில்லை. காலுறையை உரித்தேன். பாதத்தின் அடியில் திறப்புக் குத்தி ஆழமாக வெட்டியிருந்தது. அது மட்டுமில்லை. சின்ன விரலின் கீழ்ப்பக்கம் ஒரு பழைய புண், கறுத்துப் போய் இருந்தது. எப்போது வந்ததோ, எங்கள் இருவருக்கும் தெரியாது.

"நோகுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார்.

எந்த "இல்லை"க்காக மாதக்கணக்காக அழுது கேட்டேனோ, அதே சொல். "ஆண்டவரே, நான் இதையா கேட்டேன்?" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு ஆண்டவர்மேல் கோபம்.

"அக்கா, பிறகு அழலாம். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார் அன்ரன்.

"கேஸ் பழுதாப் போயிடும்" என்று இவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"கால் இல்லாமல் கேஸை வெண்டு என்ன செய்யப் போறியள் அண்ணை?" என்று அன்ரன் அதட்டினார். தன்னிலும் மூத்தவரோடு அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர், நரைத்த மீசைக்காரர், இவருடைய பாதத்தின் மேல் இரண்டு விரல்களை வைத்து நாடி தேடினார். இடம் மாற்றி மாற்றித் தேடினார். கிடைக்கவில்லை. பிரஷர் பார்த்தார், இரத்தம் எடுத்தார், முகம் இறுகியது. அவர் சொல்லச் சொல்ல அன்ரன் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"அக்கா, ஹைமிலை கேத்திலுக்குள்ளை வெள்ளையாப் படியுமெல்லே, அது மாதிரி அண்ணையின்ர கால் இரத்தக்குழாய்க்குள்ளை படிஞ்சு ஒடுங்கிப் போச்சாம். சீனி வருத்தமும் பிரஷரும் ஒண்டா இருந்தா அது கெதியா நடக்குமாம். அண்ணை பத்துற சிகரெட்டும் சேர்ந்தாக் கேட்கவே வேண்டாமாம். நடக்கேக்கை கெண்டைக்கால் இழுத்ததும் அதாலைதான். இந்த ஆக்கள் அதைக் கடைக்கண்ணாடி வருத்தம் எண்டுதான் சொல்லுறவையாம். நோ தாங்கேலாமல் ஒவ்வொரு கடையிலையும் நிண்டு பாக்கிற மாதிரி நடிப்பினமாம்."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார்.

"கால் எரிஞ்சது சீனியாலை நரம்பு பழுதாகேக்கை. பிறகு நோகாமல் விட்டது சுகம் வந்ததாலை இல்லையாம். நரம்பு செத்ததாலையாம். அதாலைதான் கெண்டைக்கால் இழுக்கிறதும் தெரியாமல் போச்சு."

முழங்காலுக்குக் கீழே வெட்ட வேண்டி வரலாம் என்றார்கள். அதற்கு முன், தொடைவழியாக மெல்லிய குழாய் விட்டு, அதன் நுனியில் உள்ள சின்ன பலூனை ஊதி, அடைப்பை விரித்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். இவர், "இடதுகால். கிளச் மிதிக்கிற கால்" என்றார். லொறியும் இல்லை, இந்த நாட்டில் ஓட்ட லைசென்சும் இல்லை. ஆனாலும் அந்தக் காலைத்தான் நினைத்தார். நான் அவருடைய தலையை என் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

ஏன் இவ்வளவு காலமும் வரவில்லை என்று டொக்டர் கேட்டார். அன்ரன் எங்கள் பயத்தைச் சொன்னார். டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோயாளியை யாரிடமும் காட்டிக் கொடுப்பது தன் வேலை இல்லை, வருத்தம் இருப்பது குற்றமும் இல்லை என்றார். அந்த வார்த்தையைக் கேட்க நாங்கள் இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி நடைவழியில் ஒரு நாற்காலியில் இருந்து, புதிதாக ஒரு ஜெபம் செய்தேன். "ஆண்டவரே, நோவை எடும் என்று கேட்டேன். தெரியாமல் கேட்டேன். இந்தக் காலுக்கு நோவைத் திருப்பித் தாரும்." அடுத்த கூட்டத்தில் உங்களிடமும் அதையே கேட்டேன். அன்ரன் தலையைச் சொறிந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"அக்கா, நோ வரட்டும் எண்டு என்னெண்டு ஜெபிக்கிறது?"

"வரட்டும் எண்டுதான்" என்றேன். ஜெபித்தீர்கள்.

பலூன் அடைப்பை விரித்தது. அன்று பின்னேரம் பாதத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது. ஒரு வருடமாக நான் தடவிய அந்தக் குளிர்ந்த பாதம், மனிதக் கால் மாதிரிச் சூடாக இருந்தது. சின்ன விரலைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே வேறொன்றும் வெட்டவில்லை. தை மாதம் ஒரு காலை, தாதி புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று இவர், "ஐயோ அம்மா!" என்று ஆஸ்பத்திரி வாட்டே அதிரக் கத்தினார். பாவம், அந்தப் பெண் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். நான் கைதட்டிச் சிரித்தேன், பிறகு அழுதேன். எனக்குப் பைத்தியம் என்று அவள் நினைத்திருப்பாள்.

"நோகுதோ?"

"உயிர் போகுதடியப்பா!"

"ஸ்தோத்திரம்" என்றேன்.

பாதம் முழுவதற்கும் உணர்ச்சி வராது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். வரவும் இல்லை. குதிகாலிலும் உட்பக்கத்திலும் கொஞ்சம்தான் வந்தது. எனக்கு அது போதும். இவர் இன்று இன்சுலின் போடுகிறார், பிரஷர்க் குளிசை எடுக்கிறார். சிகரெட்டை விட்டுவிட்டார். உப்பைக் குறைத்ததற்கு மட்டும் இன்றுவரை என்னோடு கோபம்.

அந்த மாதம் நம் கூட்டத்தில் நடந்ததையும் நான் சாட்சியாகச் சொல்ல வேண்டும். இவர் கம்பூன்றி வந்து நின்று, முந்திய சாட்சியைத் திருத்திச் சொன்னார். கூட்டம் முடிந்ததும் ஒருவர் பின் ஒருவராக வந்து, எனக்கும் சீனி இருக்கிறது, எனக்கும் பிரஷர் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னீர்கள். அன்ரன் உங்களைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனார். அந்தத் திறப்பை அன்ரன் சப்பாத்துக்குள் போட்டது பழக்கத்தால். ஆனால் அந்த ஞாயிறு அதை என் கணவரின் காலுக்குக் கீழே கொண்டுவந்தது யார் என்று எனக்குத் தெரியும். நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் அந்த இரும்புத் துண்டாகத்தான் வந்தது.

அவரை நம்புங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர். ஆனால் வருத்தத்தை அவருக்கு மட்டும் சொல்லிவிட்டு டொக்டருக்கு ஒளிக்காதீர்கள். நோ இல்லை என்று சந்தோஷப்படுவதற்கு முன் காலைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். தனியே பார்க்க முடியாதென்றால் துணையைக் கூப்பிடுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இவர் வாசலில் காலுறையோடு நின்று கூப்பிடுகிறார்.

"என்னப்பா, சப்பாத்துப் பாத்தாச்சோ? பஸ் போகப் போகுது."

ஒவ்வொரு காலையும் அவருடைய இரண்டு சப்பாத்துக்குள்ளும் நான் கைவிட்டு, நுனிவரை தடவிப் பார்த்துத்தான் கொடுப்பேன். அதுதான் என் முதல் ஜெபம். போய்ப் பார்த்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்.