எடை ஏற்றிய தவக்காலம்

பாய்மரப் படகுப் பந்தயத்தில் வெல்ல உடம்பில் எடை வேண்டும் என்பது என் தங்கையைத் தவிர எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இண்டூரில் எங்களுக்கு மரவள்ளிக் காடு. கடல் வெகு தூரம். அவள் சென்னையில் கன்னியர் விடுதியில் தங்கிப் படித்தபோது, படகுப் பயிற்சியாளர் ஒருவர் நீச்சல் தெரிந்த பிள்ளைகளைத் தேடி வந்தார். கிணற்றில் நீந்திப் பழகியவள் கை தூக்கினாள். சில ஆண்டுகளில் தேசியச் சாம்பியன் ஆனாள். நான் வேலை பார்த்த நாளிதழில் அந்தச் செய்தியை நானே எழுதினேன். விளையாட்டுப் பக்கத்தின் அடியில் துண்டுச் செய்தியாக வந்தது.

அவளுடையது ஒருவர் மட்டும் ஓட்டும் படகு. காற்று வலுத்தால் பாய் படகைச் சாய்க்கும். ஓட்டுபவர் படகுக்குள் இருக்கும் பட்டையில் பாதங்களை மாட்டிக்கொண்டு, விளிம்புக்கு வெளியே முதுகைச் சாய்த்து, தன் எடையால் அதை நிமிர்த்த வேண்டும். எடை குறைந்தவர் பாயைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும். தளர்த்தினால் வேகம் போய்விடும்.

வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கான இந்திய அணியில் அவள் வகைப் படகுக்கு ஒரே இடம் இருந்தது. தேர்வுப் பந்தயங்கள் ஈஸ்டருக்கு அடுத்த வாரம். இந்த நேரத்தில் அவளுக்கு டைபாய்டு வந்தது. கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்திக்கொண்டு ஊருக்கு வந்து இறங்கினாள். இழந்த எடையை ஏற்றாமல் திரும்பி வராதே என்று பயிற்சியாளர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்போது தவக்காலம் தொடங்கியிருந்தது. அம்மா தட்டில் புளிக்குழம்பு ஊற்றினார்.

"கறி எடுக்கலியாம்மா?"

"சுத்தபோசனம் கண்ணு. ஈஸ்டர் வரைக்கும் இந்த வூட்டுல கறி, மீனு, முட்டை எதுவும் வேகாது. நீ காய்ச்சல்ல கெடந்தப்ப நேந்துக்கிட்டேன். நீ எழுந்து, போட்டியிலயும் ஜெயிக்கணும்னு."

"ஜெயிக்கத்தாம்மா கறி கேக்கறேன்."

"வாய மூடு. மாதா காதுல விழப்போவுது."

அம்மா தனக்கு மட்டும் நேர்ந்திருந்தால் சிக்கல் இல்லை. வீட்டின் பேரில் நேர்ந்துவிட்டார். அந்த வீட்டில்தான் தங்கையும் சாப்பிட வேண்டியிருந்தது.

மூவரும் பங்குச் சாமியாரிடம் போனோம். நோயாளிக்கு விலக்கு உண்டு என்றார் அவர்.

"காய்ச்சல்தான் போயிடுச்சுங்களே சாமி" என்றார் அம்மா.

"ஒருத்தர் வெச்ச நேர்ச்சை இன்னொருத்தரக் கட்டாதும்மா. அவ சாப்பிடட்டும்."

"சாப்பிடட்டுங்க. அடுப்பு பத்த வெக்கறது நானுங்களே."

சாமியார் சிரித்துவிட்டார். தங்கை சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "பாப்பாரப்பட்டியில ஓட்டல் இருக்குது, ஏறு" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னேன். பைக்கில் ஏறி உட்கார்ந்தவள், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட்டாள்.

"அம்மா ஒரு வேளைதாண்ணா சாப்புடறாங்க. கறி தின்னுட்டு வந்து அவங்க மூஞ்சிய என்னால பாக்க முடியாது. கறி இல்லாம ஏறுதான்னு பாத்துடலாம்."

நேர்ச்சையில் சேராத எதற்கும் அம்மா கணக்குப் பார்க்கவில்லை. நெய் ஊற்றிய ராகிக் களி, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு, கடலை உருண்டை, கெட்டித் தயிர். தங்கை மறுக்காமல் சாப்பிட்டாள். பிறகு கட்டில் சட்டத்தில் பாதங்களை மாட்டி, படகில் சாய்வதுபோல முதுகைக் காற்றில் நிறுத்திப் பழகுவாள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஏம்மா, புள்ளைக்குக் காத்து கீத்து அடிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எடை பார்க்கக் கிழங்கு வியாபாரியின் எடைமேடைக்குப் போவோம். முதல் முறை அவர் முள்ளைப் பார்த்து, "மண்ணு கழிவு போகச் சொல்லட்டா கண்ணு?" என்றார்.

"நான் என்ன கெழங்கா மாமா?"

"கெழங்கா இருந்தா வேணாம்னு திருப்பி அனுப்பியிருப்பேன்."

ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் அவர் கேலி செய்யவில்லை. முள்ளைப் பார்த்ததும், "லோடு ஏத்தலாம்" என்றார்.

தேர்வுப் பந்தயங்களுக்கு நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். முதல் நாட்களில் காற்று இல்லை. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடந்தது. காற்று இல்லாத நீரில் கூடுதல் எடை சுமைதான். மெலிந்த பெண் ஒருத்தி தினமும் முன்னால் போனாள். "புள்ள எப்படிடா ஓட்டறா?" என்று அம்மா போனில் கேட்டார். பின்னால் இருக்கிறாள் என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை.

கடைசி நாள் பிற்பகலில் கடற்காற்று வலுத்தது. பயிற்சியாளரின் மோட்டார் படகிலிருந்து பார்த்தேன். அலைத் தலைகள் வெளுத்தன. மெலிந்த பெண்ணின் பாய் படபடத்தது. அவள் தளர்த்தினாள், இழுத்தாள், மறுபடி தளர்த்தினாள். என் தங்கையின் பாய் படபடக்கவில்லை. அவள் முதுகு நீரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்திருந்தது. படகு நிமிர்ந்தே போனது. அன்றைய பந்தயங்கள் எல்லாவற்றிலும் அவளே முதலில் வந்தாள். பயிற்சியாளர் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, இடம் நம்முடையது என்றார்.

கரையில் படகை இழுத்துப் போட்டுவிட்டு, உப்பு காய்ந்த முகத்தோடு அவள் அவரிடம் முதலில் கேட்டது, போகப்போகிற இடத்தில் காற்று எப்படி இருக்கும் என்பதைத்தான்.

"மெலிசாத்தான் இருக்கும். நீ கொஞ்சம் எடை கொறைக்கணும்" என்றார் பயிற்சியாளர்.

நான் அப்போதுதான் அம்மாவின் எண்ணை அழுத்தியிருந்தேன். தங்கை ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஜெயிச்சத மட்டும் சொல்லுண்ணா."