கால் சுற்றுத் தாமதம்

பைக் கம்பெனியில் அவனை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எந்நேரமும் ஸ்டெதஸ்கோப். அதை எஞ்சின் மேல் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பான். பதினோரு வருஷமாக எஞ்சின் வரைவதுதான் வேலை. கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் கேட்பாரும் இல்லாமல் போனது. அவன் அறையில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு தம்ளர்.

நான்கு வருஷமாக ஓர் இரட்டை சிலிண்டர் எஞ்சினோடு மல்லுக்கட்டினான். இரண்டு பிஸ்டனும் சேர்ந்து ஏறி இறங்கினால், வெடிப்புகள் சம இடைவெளியில் விழுந்து சத்தம் தையல் மெஷின் மாதிரி சீராக ஓடும். அவன் ஒரு பிஸ்டனை மட்டும் கால் சுற்று தள்ளி வைத்தான். ஒரு வெடி சீக்கிரம், அடுத்தது கொஞ்சம் தாமதம். டுடும்... டுடும்... என்று நெஞ்சு அடிப்பது போல.

பெரிய மேனேஜர் அந்தச் சத்தத்தைக் கேட்க வந்தார். அவருக்குப் பிடித்தால் உற்பத்தி. இல்லையென்றால் நான்கு வருஷ வரைபடமும் அலமாரிக்கு. எஞ்சினைப் பூட்டிய வண்டியை, சுவரெல்லாம் பஞ்சு பதித்த, எதிரொலியே எழாத சோதனை அறையில் ஓட்டிக் காட்டினான்.

"என்ன டாக்டர், நொண்டுது?"

"நொண்டல சார், அதோட நடையே அதுதான்."

"பேஷண்டுக்கு விக்கல் வந்த மாதிரில்ல இருக்கு!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்த அறையிலேயே கேட்டுக் கேட்டு அவன் காது பழகியிருந்தது. ஜனங்கள் பைக்கைத் தெருவில் அல்லவா கேட்பார்கள்?

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார்."

வண்டியைத் தானே தள்ளிப்போய், பின்பக்க மதிற்சுவரை ஒட்டி ஸ்டார்ட் செய்தான். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி, கனத்து உருண்டது. மேனேஜர் வண்டியை ஒரு தடவை சுற்றி வந்தார்.

"இப்படியே இருக்கட்டும். இதுல யாரும் கை வைக்கக் கூடாது."

எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அவன் அக்காவுக்கு போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, போனைச் சைலன்சர் பக்கம் நீட்டினான்.

"ஒண்ணும் கேக்கலடா. லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்க்கா. இந்த போன் அத இரைச்சல்னு நெனச்சு அழிச்சிடுது."

"அப்ப வாயால போட்டுக் காட்டு."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எஞ்சினை நிறுத்தினான். "டுடும்... டுடும்..."

"இதுக்கா நாலு வருஷம்?" அக்கா சிரித்தாள். பிறகு தானும் ஒரு தடவை மெதுவாகப் போட்டுப் பார்த்தாள். "அந்த ரெண்டாவது கொஞ்சம் பிந்தி வருது பாரு... அதுதான்டா நல்லாருக்கு."

அவன் இன்னொரு தரம் போட்டுக் காட்டினான்.